மரக்காணத்தில் வண்டியை நிறுத்துங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போய் வருகிறவர்களுக்குக் கோவளம் தெரியும், மாமல்லபுரம் தெரியும். அதற்குப் பிறகு நேரே புதுச்சேரிதான். நடுவில் இருக்கும் மரக்காணம் அவர்களுக்கு ஒரு டீக்கடை, கொஞ்சம் கால் நீட்ட ஓர் இடம், சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாய்க் குவிந்திருக்கும் உப்பு. வண்டியின் வேகத்தைக் குறைக்காமலே செல்போனில் அந்த உப்பைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள விழுப்புரம் மாவட்டக் கடற்கரை முழுவதும் இப்படித்தான் கார் ஜன்னல் வழியாகப் பார்த்து முடிக்கப்படுகிறது.

சென்னைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இதே மாவட்டத்தின் மேற்கில், திருக்கோவிலூர் போகும் வழியில் இருக்கும் முகையூரில் கேட்டாலும் நிலைமை அதுதான். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டும் என்றால் புதுச்சேரிக்குத்தான் போகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனால் சொந்த மாவட்டத்தின் கடலே கிடைக்கும் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமானது. முப்பது ஆண்டுகள் தாண்டியும் அதன் பெயரைக் கேட்டால் கரும்பு, மணிலா, செஞ்சிக் கோட்டை, ரயில்வே ஜங்ஷன் எல்லாம் நினைவுக்கு வருகின்றன, கடல் வருவதில்லை.

இப்போது அந்தச் சாலை மாறிக்கொண்டிருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை நான்குவழிச் சாலையாக்கும் பணியை மாமல்லபுரம்–முகையூர், முகையூர்–மரக்காணம், மரக்காணம்–புதுச்சேரி என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். (இந்த முகையூர் வேறு, செங்கல்பட்டு மாவட்டத்தில் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் ஊர்.) பணி முடிந்தால் பயணம் இன்னும் விரைவாகும்; விபத்துகளும் குறையும் என்று நம்பலாம். நல்லதுதான். ஆனால் சாலை அகலமாக ஆக, இடையில் இருக்கும் ஊர்கள் இன்னும் சுலபமாகக் கடந்துபோகக் கூடியவை ஆகிவிடும். இந்தக் கடலின் மீன், உப்பு, ஏரி ஆகியவற்றால் இங்கே வாழ்கிறவர்களுக்குப் பத்து ரூபாயாவது கூடுதலாகக் கிடைக்க வேண்டுமானால், வண்டிகள் இங்கே நிற்க வேண்டும். நின்றவர்கள் கேட்டுச் சாப்பிடும் மீனும் மாற வேண்டும்.

இந்த வழியாகச் சாப்பிட்டுக்கொண்டே பயணம் போவது புதிய யோசனை இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இதே நிலத்தில் போட்ட பயணத் திட்டம்தான். அதைப் பாடிய நத்தத்தனார், இன்று கடற்கரைச் சாலையில் பேரூராட்சியாக இருக்கும் இடைக்கழிநாட்டுக்காரர். பரிசில் பெற்ற பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் போகும் வழியைச் சொல்கிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் தலைநகர் கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிய பகுதி என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதையும் அந்தப் பாணன் விடவில்லை. கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகளை விறகாக்கி நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளும், உலர்ந்த குழல்மீனைச் சுட்டதும் கிடைக்கும். வேலூரில் எயினப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் சுட்ட இறைச்சியும். மருதநிலத்து ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோற்றோடு நண்டு. நல்லியக்கோடனின் அரண்மனைக்குப் போனால் பீமன் எழுதிய சமையல் நூலின்படி செய்த விருந்து. கடலோரத்துக்கு மீன், வயலோரத்துக்கு நண்டு என்று அந்தந்த ஊரில் எது விளைகிறதோ அதுவே விருந்தாளிக்கு. அரண்மனை விருந்து வரும்வரை வழியில் எங்கும் ஒரே பதார்த்தம் இரண்டு முறை வருவதில்லை.

இன்றைய கடற்கரைச் சாலையில் கதை தலைகீழ். எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, “வஞ்சிரம் இருக்கா?” இல்லையென்றால் வவ்வால், அதுவும் இல்லையென்றால் இறால். இந்த மூன்றோடு மெனு முடிகிறது. வஞ்சிரம் சுவையான மீன்தான்; முள் குறைவு, துண்டு போட வாகானது, தோசைக்கல்லில் அழகாக நிற்கும். ஆனால் இந்தக் கரையின் சிறு படகுகள் தினமும் கொண்டுவரும் மீனில் வஞ்சிரத்தின் பங்கு கொஞ்சம்தான். கேட்கிறவர்கள் எல்லோரும் அதையே கேட்பதால், ஓட்டல்கள் பெரிய சந்தைகளிலிருந்து ஐஸ் போட்ட மீனை வரவழைக்கின்றன. வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி அமர்ந்து, அந்தக் கடலில் பிடிக்காத மீனைச் சாப்பிட்டுவிட்டு, “கடலோரத்தில் ஃப்ரெஷ்ஷா சாப்பிட்டோம்” என்று திருப்தியோடு கிளம்புகிறார்கள்.

கோடையில் இது இன்னும் வேடிக்கையாகிவிடும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறை, கடற்கரைச் சுற்றுலா, வஞ்சிரத்துக்கான தேவை மூன்றும் உச்சத்துக்குப் போவதும் அதே சமயத்தில்தான். மேற்குக் கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. அதனால் மே மாதத்தில் கிழக்குக் கடலைப் பார்த்துக்கொண்டே அரபிக் கடல் மீனைச் சாப்பிட நேரிடுவது சாதாரணம்.

தடைக்காலத்திலும் நாட்டுப் படகுகளுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் கடலுக்குப் போக அனுமதி உண்டு. விழுப்புரம் கரையின் பலம் இங்கேதான். காசிமேடு, கடலூர், நாகப்பட்டினம் போலப் பெரிய மீன்பிடித் துறைமுகம் எதுவும் இந்த மாவட்டத்தில் இல்லை. இங்கே இருப்பவை குப்பங்கள். குப்பங்களில் இருப்பவை பெரும்பாலும் இருட்டோடு போய் விடிந்ததும் திரும்பும் சின்னப் படகுகள். அவற்றின் மீன் நாள்கணக்கில் ஐஸில் கிடப்பதில்லை. மீன் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு குப்பத்துக் கரையில் நின்றால் தெரியும். படகு மணலில் ஏறியதும் இன்ஜினைத் தூக்கிவிட்டு, வலையை விரித்துப் போட்டு, கண்ணியில் செவுள் மாட்டிக்கொண்ட மீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். இது அவசரப்பட்டு இழுக்கிற வேலை இல்லை. இழுத்தால் மீனும் கிழியும், வலையும் கிழியும். கழற்றிய மீன் பிளாஸ்டிக் கூடைகளில் விழ, பக்கத்திலேயே ஏலம் தொடங்கிவிடும். எடை போடுவது குறைவு. கூடையைப் பார்த்துக் கண்ணால் மதிப்பிட்டே விலை ஏறும். வாங்கிய பெண்கள் அங்கேயே மீனைத் தரம் பிரித்து, பேருந்தோ ஆட்டோவோ பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். சாலையோரத்தில் அவர்களிடம் அந்த மீன் கூறு கூறாகக் கிடைக்கும்.

“இன்னைக்கு என்ன மீன்க்கா?”

“கிழங்கா இருக்கு, கானாங்கத்த இருக்கு, காரப்பொடி இருக்கு. பசங்களுக்குன்னா கிழங்கா எடுத்துக்கம்மா, முள்ளு தொல்லை இருக்காது.”

இந்தப் பதிலில் ஒரு முழு மெனு இருக்கிறது. கிழங்கான் மெல்லிய வெண்சதை மீன். மஞ்சளும் மிளகாய்த்தூளும் மட்டும் தடவி வறுத்தால் போதும், மசாலாவை அப்பினால் மீனின் ருசி போய்விடும். கானாங்கெளுத்திக்குக் கொழுப்பு அதிகம். புளிக்குழம்பில் போட்டு மறுநாள் காலைவரை வைத்தால் ருசி இன்னும் கூடும். காரப்பொடி கையகலம்கூட இல்லாத வெள்ளி நிற மீன். குழம்பில் கொதித்ததும் எலும்பே தெரியாது. மத்தியும் நெத்திலியும் முள்ளோடு மென்று தின்னும் மீன்கள். சுண்ணாம்புச் சத்துக்கு வேறெங்கும் தேட வேண்டாம். சங்கரா, பாறை, மடவை, திருக்கை, கடம்பா என்று பட்டியல் நீளும். பால்சுறா கிடைத்தால் வேகவைத்து உதிர்த்துப் பூண்டும் இஞ்சியும் சேர்த்துச் செய்யும் புட்டு, பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கடலோர வீடுகளில் முதலில் கொடுப்பது. இவற்றில் எத்தனை, சாலையோர ஓட்டல்களின் விலைப்பட்டியலில் இருக்கின்றன?

ஓட்டல்காரர்களிடம் கேட்டால் நியாயமான காரணம் சொல்வார்கள். சின்ன மீனைக் கழுவி எடுக்க ஆள்கூலி அதிகம். நாளைக்கு எது வரும் என்று தெரியாமல் மெனு அச்சடிக்க முடியாது. முள்ளுக்குப் பயந்து வாடிக்கையாளர் தட்டை ஒதுக்கிவிட்டால் நஷ்டம். உண்மைதான். ஆனால் இதற்குத் தீர்வு கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஒரு கரும்பலகை போதும். இன்று கரைக்கு வந்த மீன், அதன் விலை, குழம்பா வறுவலா என்று சாக்பீஸால் எழுதி வைத்தால் நாள்தோறும் மாறும் மெனு தயார். மேற்குக் கரையில் ‘நோ யுவர் ஃபிஷ்’ என்ற முயற்சி, எந்த மாதத்தில் எந்த மீனைத் தவிர்க்கலாம், எதைச் சாப்பிடலாம் என்று நாள்காட்டியே போட்டுக் கொடுத்தது. அங்கே படித்த நகரவாசிகளுக்கு அது தேவைப்பட்டது. இங்கே கூடை வைத்து விற்கும் அக்காவிடம் வாயைத் திறந்து கேட்டாலே போதும்.

மீனுக்கு அடுத்தது உப்பு. மரக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம். இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் பேசப்படுகின்றன என்றால் தொழிலின் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்யத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை. முதலில் தரையை மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் நீர் மண்ணுக்குள் போய்விடும், உப்பிலும் சேறு கலக்கும். பிறகு உப்புநீரைத் தேக்கி, பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைக்கிறார்கள். கடல்நீரின் அடர்த்தி பாமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரி. அது சுண்டிச் சுண்டி 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். அப்படியே விட்டு 29ஐத் தாண்டினால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் வாரியாக வேண்டும். வாருகிறவர்கள் வெயிலுக்கு முன் முடிக்க விடியலிலேயே இறங்கிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் நிற்க முடியாது. வண்டியிலிருந்து எடுக்கும் அழகான படத்தில் அந்தக் கூச்சம் விழுவதில்லை.

இந்த உப்பு ஒரு காலத்தில் தண்ணீரில் பயணம் போனது. 1806இல் சென்னையிலிருந்து வடக்கே வெட்டத் தொடங்கி, பின்னாளில் ஆந்திரக் கடற்கரை வரை நீண்ட கால்வாயின் தெற்கு முனை மரக்காணம்தான். 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அதன் பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டதால் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. உப்பும் விறகும் மீனும் அதன் வழியே படகில் சென்னைக்குப் போயின. இன்று அந்தக் கால்வாய் சென்னைக்குள் சாக்கடையாகிவிட்டது. மரக்காணம் பக்கம் இன்னும் தண்ணீரும் பறவையும் பார்க்கக் கிடைக்கிறது.

உப்பும் மீனும் சேர்ந்தால் கருவாடு. முகையூருக்கும் இந்தக் கடலுக்கும் இருக்கும் பழைய உறவு இதுதான். மேற்கே போகப் போக விழுப்புரம் மாவட்டத்துக்குப் பச்சை மீன் என்றால் ஏரி மீன்: கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி. கடல் மீன் வந்து சேர்ந்தது கருவாடாகத்தான், வாரச்சந்தைக்கு. கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பு, கம்பங்கூழுக்குச் சுட்ட நெத்திலி, வாளைக் கருவாட்டுத் தொக்கு என்று வானம் பார்த்த பூமியின் சமையலில் அது அப்படியே ஊறிவிட்டது. எயிற்பட்டினத்தில் பாணனுக்குக் கிடைத்த உலர்ந்த குழல்மீன் சூடும் கருவாடுதானே! இந்தக் கரையின் மிகப் பழைய பதார்த்தம் இன்றும் மலிவு விலையில் கிடைக்கிறது. ஆனால் காரில் வருகிறவர்கள் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறார்கள். மணலில் போட்டுக் காயவைக்காமல் உயரப் பந்தலில் வலைமேல் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு, பிடித்த ஊரின் பெயரும் தேதியும் ஒட்டிக் கொடுத்தால், டிக்கியில் வாசம் வராது. மகளிர் குழுக்களுக்குக் கூடுதல் விலை கிடைக்கும். இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

மீனைச் சுமந்து விற்கும் பெண்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் இந்தக் கதையில் சேர வேண்டியது. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டி ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட சம்பவம் மாநிலத்தையே உலுக்கியது. அதே ஆண்டில்தான் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்திருந்தது. டிக்கெட் இலவசமானாலும் கூடைக்கு இடம் கிடைக்கவில்லை.

மரக்காணத்திலிருந்து தெற்கே திரும்பினால் மேற்குப் பக்கம் விரிவது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் ஒரு முனையில் நன்னீர். எடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியே கடலோடு சேரும் முனையில் உப்புநீர். நடுவில் இரண்டும் கலந்த சேற்று நிலம். அதனால்தான் கூழைக்கடாவும் செங்கால் நாரையும் பூநாரையும் ஒரே இடத்துக்கு வருகின்றன. இறால், நண்டு, மடவைக் குஞ்சுகளும் இங்கே வளர்கின்றன. 2021இல் இதன் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்து மார்கழி, தை காலையில் வந்தால் பறவை பார்க்கத் தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

முகத்துவாரத்தின் இரு கரைகளிலும், அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும், மீன்பிடித் துறைமுகம் கட்ட அரசு முன்வந்தபோது விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மீனவர்களின் தேவை உண்மையானது. புயல் நேரத்தில் படகைப் பத்திரப்படுத்த இடமில்லாமல் அவர்கள் படும் பாடு கொஞ்சமில்லை. ஏரியும் கடலும் மூச்சுவிடும் வாய் அந்த முகத்துவாரம்தான் என்பதும் உண்மையே. அங்கே கல்லைக் கொட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களின் கடைசியில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மணலின் ஓட்டத்தை மறித்ததால், நகரத்தின் கடற்கரை முதலில் போனது. அரிப்பு அப்படியே வடக்கே நகர்ந்து விழுப்புரம் மாவட்டத்தின் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் குப்பங்களின் மணலையும் தின்றது. வலை காயவைத்த இடத்தில் இன்று கருங்கல் குவியல்.

ஆலம்பரைக் கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கடப்பாக்கத்தில் சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மதில்கள். முகலாயர் காலத்தில் எழுந்து, நாணயச்சாலையோடு துறைமுகமாக விளங்கி, 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியும் தன் பங்குக்குச் சிதைத்தது. இடிபாட்டில் ஏறி நின்றால் உப்பங்கழியும் மணல்திட்டும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும். கோட்டைக்கு வருகிறவர்கள் விட்டுப்போகும் பாட்டில்களும் கிடைக்கும்.

இங்கேதான் எதிர்வாதம் எழுகிறது. இந்தக் கரைக்குக் கூட்டம் வந்தால் கோவளத்துக்கு நேர்ந்ததுதான் இங்கும் நேரும். நிலம் ரிசார்ட்காரர்கள் கைக்குப் போகும், கடைசியில் வலை இழுக்கவே வழி இருக்காது என்கிறார்கள். இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2019இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் கட்டடமே கூடாது என்ற எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் கடலை விற்கும் தொழிலுக்கு அது வசதி. அங்கே தங்குகிறவர்கள் குப்பத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் திரும்பலாம். அந்த வகைச் சுற்றுலாவை இங்கே யாரும் கேட்கவில்லை. காலையில் வந்து, கரையில் மீன் வாங்கி, அங்கேயே ஒரு வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஏரியைப் பார்த்து, கருவாட்டுப் பொட்டலத்தோடு மாலையில் திரும்பும் பயணம் போதும். அதற்கு நிலத்தை விற்க வேண்டியதில்லை. சமைக்கத் தெரிந்த கைகளும் சுத்தமான ஒரு கூடமும் இருந்தால் சரி.

குப்பங்கள் தனியாக இதைச் செய்ய முடியாது என்பதற்கும் காரணம் உண்டு. பல குப்பங்களில் வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட்டாக வேண்டும். புயல் வந்தால் எல்லாம் போகும்: 2011இல் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை; உப்பளங்கள் நீரில் மூழ்கின. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்துக்குப் பலர் பலியானபோதுதான் அந்தப் பெயரை மாநிலத்தில் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். இந்தக் கரை செய்தியாவது புயலிலும் சாவிலும் மட்டும்தான்.

ஜப்பான் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1993இல், விழுப்புரம் மாவட்டம் பிறந்த அதே ஆண்டில், அந்நாட்டு அரசு ‘மிச்சி நோ எகி’ என்ற சாலையோர நிலையங்களை அங்கீகரிக்கத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் இலவச வாகன நிறுத்தம், 24 மணி நேரக் கழிப்பறை. கூடவே அந்த ஊரின் காய்கறி, மீன், பலகாரம் விற்கும் கடையும் சாப்பாட்டுக் கூடமும். சாலைத் துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு. நூற்றுச் சொச்சத்தில் தொடங்கியது இன்று 1,200ஐத் தாண்டிவிட்டது. கடலோர நிலையங்களில் காலையில் கரையேறிய மீன் மதியச் சோற்றுக்கு வருகிறது. கழிப்பறைக்காக நிற்கிறவர் கையில் பையோடு கிளம்புகிறார்.

நம் சாலையில் குடும்பத்தோடு போகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், வண்டியை நிறுத்தத் தயங்குவதன் முதல் காரணமே கழிப்பறை. அதைச் சரிசெய்யாமல் எந்தச் சுற்றுலாத் திட்டமும் நிற்காது. மரக்காணத்தில் ஒன்று, அனுமந்தைப் பக்கம் ஒன்று, கோட்டக்குப்பத்துக்கு முன்னால் ஒன்று என்று மூன்று இடங்களில் இப்படி நிலையம் அமைத்து, சமையலையும் விற்பனையையும் மீனவ மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். காரில்லாதவர்களுக்குத் திண்டிவனம் ரயில் நிலையத்திலிருந்து மரக்காணம் பேருந்து இருக்கிறது; சென்னையிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரி, கடலூர் போகும் ரயில் பாதை இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து ஞாயிறுதோறும் கழுவெளிக்கும் மரக்காணத்துக்கும் ஒரு சிறப்புப் பேருந்து விட்டால், முகையூர்ப் பிள்ளைகளும் தங்கள் மாவட்டத்துக் கடலைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் சாலை போட்டு முடித்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். நடுத்தடுப்பில் எங்கே திறப்பு விடுவது, எந்தக் குப்பத்துக்கு அணுகுசாலை, பேருந்து நிழற்குடை எங்கே என்பதெல்லாம் இப்போதுதான் தீர்மானமாகிறது. குடை பிடித்து, மீன் கூடையோடு சாலையோரம் உட்காரும் பெண்கள் விரிவாக்கத்தில் முதலில் எழுப்பப்படுவார்கள். அவர்களுக்குக் கூரையும் தண்ணீர்க் குழாயும் கொண்ட இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று விழுப்புரம் மாவட்ட நிர்வாகத்தையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தையும் மக்கள் பிரதிநிதிகள் இப்போதே கேட்க வேண்டும். குறிக்கப்படவில்லை என்றால், குறித்த பிறகு அந்தப் பகுதியில் தார் போடட்டும்.